போன் கம்பெனி கார் செய்யுமா? மின்சாரக் காரில் நாலு வருடம், 61,000 கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எனக்கு செல்போன் சர்வீஸ் கடை. பதினேழு வருடமாக டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் ஜாக் மாற்றுவது, தண்ணீரில் விழுந்த போர்டைக் கழுவி உயிர் கொடுப்பது, இதுதான் வேலை. 2021 அக்டோபரில் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் வாசலில் வண்டியைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இதுல இன்ஜினே இல்ல, பேட்டரி, மோட்டார், ஸ்க்ரீன் அவ்ளோதானே, அப்போ போன் கம்பெனியே கார் செஞ்சிடலாமே?" வாங்கின புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு வருடம் ஓட்டிய பிறகு என் பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். வண்டியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற தொல்லைகள் எந்தக் கம்பெனி வண்டியிலும் வரக்கூடியவை.

முதலில் நல்லது. முழு சார்ஜில் ஆரம்பத்தில் 210 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 190 ஓடுகிறது. தினமும் கடை, வீடு, பாகாயத்தில் மாமியார் வீடு என்று சுற்றுகிறவனுக்கு இது தாராளம். ராத்திரி வீட்டிலேயே 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுவிட்டால் காலையில் நிறைந்திருக்கும். ஆயில் மாற்றுவது, கிளட்ச் தேய்வது என்ற பேச்சே இல்லை. ஏலகிரியிலிருந்து பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது 41 சதவீதம் இருந்த பேட்டரி கீழே பொன்னேரி வந்ததும் 45 ஆகியிருந்தது (இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் செய்து பேட்டரிக்கு அனுப்பும்), என் மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள். மோட்டாரும் பேட்டரியும் இதுவரை ஒரு ரூபாய் செலவு வைக்கவில்லை. இந்த அளவில் பையன்கள் சொல்வது சரி, மின்சார வண்டியின் ஓட்டம் எளிமையானதுதான்.

தொல்லை வந்தது வேறு இடங்களிலிருந்து.

2023 மே மாதம், அக்னி நட்சத்திர நேரம். கோட்டைக்கு எதிரே வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு அம்மாவோடு துணிக்கடைக்குப் போனேன். இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தால் நடு ஸ்க்ரீன் கறுப்பாக இருக்கிறது. வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, ஆனால் ஏசி போட வழியில்லை, ஏனென்றால் ஏசிக்கான பட்டன் எல்லாமே அந்த ஸ்க்ரீனுக்குள். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அனல் காற்றிலேயே வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சாயங்காலம் வரை தலைசுற்றல் என்று படுத்தே இருந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இந்தக் கோளாறு எனக்குப் புதிதல்ல என்பதுதான் விஷயம். மே மாதத்தில் பைக் டேங்க் மேல் மாட்டி வைத்த போன்கள் இப்படித்தான் என் மேஜைக்கு வரும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊரில் சித்திரை பிறந்தால் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும், கதவு மூடிய காருக்குள் இன்னும் எவ்வளவோ மேலே. போனில் சூடானால் அணைந்துவிடலாம், ஆறியதும் எழுந்துகொள்ளும். காரில் அப்படி அணைய முடியாது. அதனால்தான் வண்டிக்குப் போகிற சிப்பை மைனஸ் 40 டிகிரியிலும் நூறைத் தாண்டிய சூட்டிலும் போட்டுச் சோதிக்கிறார்கள். சோதித்துத் தேறியது விலை கூடுதல், புது மாடலும் தாமதமாகத்தான் கிடைக்கும். ஸ்க்ரீனுக்குப் பேர்போன டெஸ்லாவே இதே பாடத்தைப் படித்திருக்கிறது. மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளில் ஸ்க்ரீனுக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று இருந்தது, போன்களில் இருக்கிற இஎம்எம்சி வகைதான். எழுதி எழுதி அது தேய்ந்துபோய், ரிவர்ஸ் கேமரா, கண்ணாடியில் படியும் பனியைப் போக்குகிற வசதி எல்லாம் சேர்ந்து போனது. 2021-ல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. போனில் மெமரி போனால் நான் மாற்றித் தருவேன், அரை நாள் வேலை. என் காருக்கோ ஸ்க்ரீனை முழுசாக மாற்றித்தான் தருவோம் என்றார்கள், வாரண்டியில்தான், ஆனால் சாமான் வர 23 நாள் ஆனது.

இரண்டாவது தொல்லை முன் சக்கரத்தில். வாலாஜாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ரோடு வேலை நடந்துகொண்டே இருக்கிற அந்தப் பாதையில் மாதம் இரண்டு தடவை சென்னைக்குப் போய் ஸ்பேர் வாங்கி வருகிறவன் நான். 38,000 கிலோமீட்டர் வாக்கில் இடது பக்கம் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். சர்வீஸில் காட்டினால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு எரரும் இல்லை, நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். சத்தம் கூடிக்கொண்டே போனதும் ராணிப்பேட்டையில் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முப்பது வருடமாக லாரியும் அம்பாசடரும் பார்த்தவர், மின்சார வண்டியைத் தொட்டதே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"இன்னாபா, எவ்ளோ நாளா இந்தச் சத்தம்?"

"ஒரு மாசம் இருக்கும்ணா."

"ஒரு மாசமா இத வச்சுகினு ஏலகிரி வேற போயிட்டு வந்தியா? பால் ஜாயிண்ட் ஆடுது பாரு. கழண்டுச்சுன்னா சக்கரம் அப்படியே மடங்கிக்கும்."

விரலை வைத்துக் காட்டினார். ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் மணலோடு சேர்ந்து கறுப்பு மாவு மாதிரி இருந்தது. முன் சக்கரத்தை வண்டியோடு இணைத்துப் பிடிக்கிற, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற இரும்புக் குமிழ் அது. வண்டியில் இவ்வளவு சென்சார் இருந்தும் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. அவர் கைக்குத் தெரிந்தது.

மின்சார வண்டி பேட்டரியால் கனம், வளையும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தக் கனத்தின் இழுப்பு இந்தக் குமிழையும் பாதிக்கிறது. எந்த உலோகம், எவ்வளவு கிரீஸ், எந்த ரப்பர் பத்து வருடம் வெடிக்காமல் இருக்கும் என்பதெல்லாம் பழைய வண்டிக் கம்பெனிகள் பல லட்சம் வண்டி விற்று, அதில் உடைந்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. கடைசித் திருகு வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகம் என்று டொயோட்டா சொல்கிறது. எனக்குத் தெரிந்த போன் அதற்குப் பக்கத்திலேயே வராது.

இனி, முயற்சி செய்தவர்கள் கதை. ஆப்பிள் 2014 வாக்கில் ஆரம்பித்து 2024 பிப்ரவரியில் கைவிட்டது, கடைசியில் சுமார் 2,000 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். அந்தக் கம்பெனியிடம் இல்லாத பணமா? டைசன், அதாவது வாக்வம் கிளீனர் செய்கிறவர்கள், ஓடுகிற காரே செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு வண்டியை ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை என்று கணக்கு வந்ததும் ஜேம்ஸ் டைசன் சொந்தப் பணம் 50 கோடி பவுண்டு போனது போகட்டும் என்று 2019 அக்டோபரில் நிறுத்தினார். சோனி 2020-ல் மாதிரி காரைக் காட்டியது, 2022-ல் ஹோண்டாவோடு கூட்டு சேர்ந்தது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது புத்திசாலித்தனம், தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டார்கள். சாம்சங் கார் செய்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. நிசான் டிசைனை வாங்கி 1998-ல் விற்பனையைத் தொடங்கினார்கள், ஆசிய நிதி நெருக்கடி அடித்த அடியில் 2000-ல் அது ரெனோ கைக்குப் போனது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஷாவ்மியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. என் கடைக்கு வருகிற போனில் பாதி அவர்களுடையது. 2021 மார்ச்சில் கார் செய்யப்போகிறோம், பத்து வருடத்தில் 1,000 கோடி டாலர் போடுவோம் என்றார்கள். சரியாக மூன்று வருடத்தில், 2024 மார்ச்சில், எஸ்யூ7 விற்பனைக்கு வந்தது, அந்த வருடமே 1,35,000-க்கு மேல் கொடுத்துவிட்டார்கள். எப்படி முடிந்தது? பேட்டரிக்கு சிஏடிஎல், பிஒய்டி இருவரும் அதே நாட்டில், மற்ற சாமான் செய்கிறவர்களும் பக்கத்திலேயே. அந்த பிஒய்டியும் 1995-ல் தொடங்கி, போன் பேட்டரி செய்து வளர்ந்த கம்பெனிதான், 2003-ல் ஒரு நலிந்த கார் கம்பெனியை வாங்கி, வருடக்கணக்கில் பெட்ரோல் கார் செய்து பழகித்தான் இன்றைய இடத்துக்கு வந்தது. அதனால் போன் உலகத்திலிருந்து கார் வரவே வராது என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் 2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுயி நெடுஞ்சாலையில் ஒரு எஸ்யூ7 மோதி மூன்று மாணவிகள் இறந்தார்கள். மோதலுக்குச் சில நொடி முன்பு வரை தானாக ஓட்ட உதவுகிற வசதி வேலை செய்துகொண்டிருந்தது. அதே வருடம் செப்டம்பரில் அந்த வசதிக்காகவே 1,16,887 வண்டிகளுக்கு ரீகால், நெட் வழியாகவே அப்டேட் அனுப்பிச் சரிசெய்தார்கள். அப்டேட் அனுப்புவதில் போன் கம்பெனிக்குக் கை பழகியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முதலில் விற்போம், குறையை அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழக்கமும் கூடவே வண்டிக்குள் வருமோ என்றுதான் எனக்குப் பயம். என் மேஜைக்கு வருகிற போன் தவறாக வேலை செய்தால் ஒரு போட்டோ போகும், ஒரு பணப் பரிமாற்றம் தடைபடும், அவ்வளவுதான்.

செய்வதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது விற்ற பிறகு நடப்பது. ஃபிஸ்கர் என்ற அமெரிக்கக் கம்பெனி சொந்தத் தொழிற்சாலை இல்லாமல், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில், மற்றவர்களுக்குக் கார் செய்து தருகிற மேக்னா கம்பெனியிடம் கொடுத்துக் கார் செய்து வாங்கியது, ஆப்பிள் ஃபாக்ஸ்கானிடம் போன் செய்து வாங்குவதைப் போல. 2024 ஜூனில் திவால். வாங்கியவர்கள் சாமானுக்கும் சாஃப்ட்வேருக்கும் தாங்களே சங்கம் வைத்து அலைய வேண்டியதாயிற்று. போன் கம்பெனி மூடினால்கூட நான் டிஸ்ப்ளே தேடிப் பிடித்து ஓட்டிவிடுவேன். காரில் ஹெட்லைட் மாடியூலுக்கு எங்கே போவது?

நம் பக்கம் செய்கிற திறமைக்குக் குறைவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். சோளிங்கரில் பிரேக் கம்பெனியின் வார்ப்பாலை இருக்கிறது, ராணிப்பேட்டையில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021-லேயே வந்துவிட்டது, பனப்பாக்கத்தில் டாடா 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நாளைக்கே ஒரு போன் கம்பெனி இங்கே வந்து கார் செய்தால் ஆள் கிடைப்பார்கள், பாகமும் கிடைக்கும். அந்த வண்டியை ஐந்தாவது வருடம் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ இருக்கிறவர் எங்கே கொண்டுபோய் விடுவார், அங்கே இருக்கிற பையனுக்குச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லித் தந்திருப்பார்களா, இதுதான் என் கேள்வி.

அப்படி ஒரு கார் வந்தால் வாங்குவேனா என்று கேட்டால், முதல் மூன்று வருடம் மாட்டேன். ஏசிக்குத் தனி பட்டன் இருக்க வேண்டும், வேலூரிலேயே சர்வீஸ் இருக்க வேண்டும், சஸ்பென்ஷன் சாமான் விலைப்பட்டியலை வாங்கும் முன்பே கையில் தர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போய் ஓட்டிப் பார்ப்பேன். என் வண்டிக்குப் பேட்டரி வாரண்டி 2029 அக்டோபர் வரை இருக்கிறது. வலது பக்கத்திலும் லேசாகச் சத்தம் ஆரம்பித்திருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டை அண்ணனிடம் விடுகிறேன்.