பழைய ஆம்னிக்கு கார் டயரை மாட்டிவிடுகிறார்கள், உஷார்

காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றுக்குத் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கடையில் 2024-ல் நாலு டயரும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சில மாதத்திலேயே பின் டயர் இரண்டிலும் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கேட்டதற்கு, "பள்ளத்துல உட்டிருப்பீங்கண்ணா, டயர் மேல தப்பே இல்ல" என்று பதில். எண்ணூர் நெடுஞ்சாலையில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இங்கே சங்கதி வேறு.

ஆம்னிக்கு உரியது 145 ஆர்12 எல்டி. மாட்டியிருந்தது 145/80 ஆர்12 74டி, அதாவது ஆல்டோ கார் டயர். அகலம் அதே 145 மி.மீ., ரிம் அதே 12 இன்ச். பழைய முறையில் 80 என்று அச்சிடாத டயருக்கும் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம்தான் என்பதால் வண்டி நிற்கும் உயரம்கூட மாறாது. "ஒரே சைஸுதாண்ணா, ரிம்ல கரெக்டா உக்காருது பாருங்க" என்று கடைக்காரர் சொன்னது அந்த அளவில் பொய்யில்லை. ரிம்மில் உட்காருவது வேறு, லோடு தாங்குவது வேறு.

எல்டி என்றால் லைட் டிரக் டயர். கூடவே 6பிஆர், 8பிஆர் என்று இருக்கும். அது பலத்தின் தரம், உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்ற கணக்கில்லை. அதைவிட நேரடியாகப் பேசுவது லோடு எண். 74 என்றால் ஒரு டயருக்கு 375 கிலோ, 80 என்றால் 450, 86 என்றால் 530. 86/84 என இரண்டு எண் இருந்தால் ஆம்னி மாதிரி பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள வண்டிக்கு முதல் எண்ணைப் பாருங்கள். எண்ணை ஒட்டிய எழுத்து வேகத்துக்கு: டி என்றால் மணிக்கு 190 கி.மீ. மூலக்கடை சிக்னலில் அதற்கு என்ன வேலை?

மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றினால் பாரம் பின் அச்சில்தான் இறங்கும். எல்டி டயரில் அதற்கேற்பக் காற்றைக் கூட்டலாம். கார் டயரின் உச்ச அழுத்தம் குறைவு. அதனால் சுற்றுக்குச் சுற்று பக்கச்சுவர் மடங்கி, சூடேறி, உள்ளே நூல் அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும், அறும். அந்த இடம்தான் புடைக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

அடுத்த தில்லுமுல்லு டயர் தயாரான தேதியில். பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டிவிட்டால் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? வண்டிக்கு அடியில் செல்போன் டார்ச் அடித்தபோது இரண்டு டயரில் 1818 தெரிந்தது: 2018-ன் 18-வது வாரம். ஆறு வருஷச் சரக்கு, புது டயர் விலைக்கு. மேலே கறுப்பு பாலிஷ் பளபளவென்று. பட்டன் பள்ளத்தைக் கட்டை விரலால் விரித்தால் அடியில் மயிரிழை வெடிப்பு.

பழைய ட்யூபையே திணித்துவிட்டு புது ட்யூபுக்குக் காசு வாங்குவதும் நடக்கிறது. விரிந்துபோன ட்யூப் புது டயருக்குள் மடிப்பு விழுந்து, அங்கேயே தேய்ந்து கிழியும். ட்யூப்லெஸ் போடுவதானால் ரிம் விளிம்பில் துருவைச் சுரண்டச் சொல்லுங்கள். கடல் காற்றில் ஓடும் வண்டியில் காற்று இறங்குவதே அந்த வழியாகத்தான்.

டயரை மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே வெளிச்சத்தில் உருட்டி அளவு, லோடு எண், தேதி, ஐஎஸ்ஐ முத்திரை நாலையும் பார்த்துவிடுங்கள். வண்டிக்கு என்ன அளவு என்பதற்கு ஓனர் மேனுவல்தான் ஆதாரம். ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து வாங்கினால் முந்தைய கடைக்காரரின் தப்பும் சேர்ந்தே வரும். காசுக்கு இரண்டுதான் முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். ஒரே அச்சில் ரேடியலையும் (அளவில் ஆர் என்று இருப்பது) நைலானையும் (நூல் அடுக்கு குறுக்காக ஓடும் பழைய வகை) கலக்கக் கூடாது.

பில்லில் கம்பெனி, அளவு, ஒவ்வொரு டயரின் சீரியல் நம்பர் எல்லாம் வேண்டும். இந்த ஆம்னிக்குக் கிடைத்தது "டயர் 4" என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு. வாரன்டிக்கு அது உதவாது. ஒழுங்கான பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதுவரை வீங்கிய டயரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள், சாட்சியே அதுதான். ஸ்டெப்னியாகவும் மாட்டாதீர்கள்.