16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர்: பம்பு பிரமாதம், ரெகுலேட்டர் இருக்கிற இடம் அநியாயம்

முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் இந்த மிஷின் விலை இறங்கியிருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று தேனி மாவட்டக் கூடலூர்ப் பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் நண்பர் கேட்டார். அவர் கேட்ட நேரம் மிஷின் கம்பம் ஊரில் மெக்கானிக் மேசையில் பிரித்துக் கிடந்தது. குழாயில் அழுத்தம் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் புகைந்துவிட்டது. 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒற்றை மோட்டார், அடியில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் என்று எல்லா உரக்கடை வாசலிலும் தொங்குகிற வகைதான். இதே அமைப்பை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள், அதனால் கம்பெனியைச் சொல்லிப் பயனில்லை. சில சாகுபடிப் பருவங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்கு இது தகுதியான மிஷின். கைப்பம்பு ஸ்பிரேயரில் இடது கை முழுநேரமும் லீவரில் மாட்டிக்கொள்ளும். பேட்டரி மிஷினில் அந்தக் கை விடுதலையாகிறது. பந்தலுக்கு அடியில் கொடியை விலக்கி இலையின் அடிப்பக்கம் காட்டிப் பிடிக்கலாம். அடிச்சாம்பல் என்ற பூஞ்சண நோய் உட்காருவது அங்கேதான். குமுளிக்கு மேலே ஏலக்காட்டுச் சரிவில் ஒரு கை செடியையோ கம்பையோ பிடித்திருக்கலாம், கால் வழுக்கினால் அந்தக் கை காப்பாற்றும். இதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. “உழைப்பு மிச்சம், நேரம் மிச்சம்” என்று மட்டும் எழுதுகிறார்கள். இந்த மலையடிவாரத்தில் மருந்து அடிப்பவருக்குக் கிடைத்த பெரிய வரம், ஒரு கை சும்மா இருப்பது. ரப்பர் சவ்வு அசைந்து தள்ளும் டயாஃப்ரம் பம்பும் உறுதியானது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை போன்ற மண்டி நிறைந்த மருந்தைக்கூட, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினால், முனகாமல் தள்ளுகிறது. டேங்கின் வாய் அகலம், வடிகட்டி ஆழம். குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றும் பெண்ணுக்குச் சிந்தாது.

இனி கோபம். சுவிட்ச், வோல்ட் மீட்டர், சார்ஜ் சாக்கெட், ரெகுலேட்டர் நான்கையும் ஒரே தகட்டில் டேங்கின் அடிப்பீடத்தில், வெளிப்பக்கமாக வைத்திருக்கிறார்கள். முதுகில் மாட்டியபின் அது இடுப்புக்குப் பின்னால் போய்விடும். கை எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. மேசைமேல் வைத்துப் பார்ப்பவருக்கு அந்தத் தகடு நேர் எதிரே அழகாகத் தெரியும். மேசைமேல் வைத்து யாரும் மருந்து அடிப்பதில்லை.

இது வெறும் அசௌகரியம் என்றால் விட்டுவிடலாம். பிரஷர் சுவிட்ச் புகைந்ததற்குக் காரணமே இதுதான். பம்பு தள்ளும் தண்ணீரை, மருந்து தூவும் முனையான நாசில் முழுவதும் வெளியே விட்டால் மோட்டார் சீராக ஓடும். சின்னத் துளை நாசில் மாட்டினால் பம்பு தள்ளுவது அதிகம், வெளியே போவது குறைவு. குழாயில் அழுத்தம் ஏறும், சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும், அழுத்தம் இறங்கும், மறுபடி ஓட்டும். டக் டக் என்று நொடிக்குப் பலமுறை வெட்டிச் சேரும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் சுவிட்சின் உள்ளே இருக்கும் முனையில் ஒரு பொறி. முனை கருகும், பிறகு ஒட்டிக்கொள்ளும், அல்லது தொடுப்பே நின்றுபோகும். இதைத் தடுக்கத்தான் ரெகுலேட்டர். அந்த டக் டக் நிற்கும் வரை குறைத்து வைத்தால் போதும். நாசிலை மாற்றும்போதும், நாசில் மாட்டிய நீளக் குழலான லான்ஸை நீட்டும்போதும், பந்தலிலிருந்து வாழைக்குப் போகும்போதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்ப வேண்டிய பொருள் அது. அதைக் கொண்டுபோய் கை எட்டாத இடத்தில் வைத்தால், கடையில் முதல் நாள் வைத்த முழு வேகத்திலேயே மிஷின் ஆயுள் முழுக்க ஓடும்.

மெக்கானிக் சிலர் சுவிட்ச் போனால் இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி விடுவார்கள். அன்றைக்கு ஓடும். ஆனால் டிரிக்கரை மூடினாலும் மோட்டார் நிற்காது. குழாய் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு மருந்து முதுகில் பீய்ச்சும். ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பம்பு தலையில் ஸ்க்ரூ போட்டு மாட்டிய தனிப் பாகம் அது, மாற்றுவது பெரிய வேலையில்லை. மாற்றியபின் நடுவில் உள்ள சின்னத் திருகை மெக்கானிக்கிடம் கேட்காமல் இறுக்காதீர்கள். இறுக்கினால் மோட்டார் நிற்கும் அழுத்தம் ஏறும், அந்தச் சுமை குழாயிலும் கிளிப்பிலும் விழும்.

கம்பெனிக்காரர்கள் கேட்டுப் பார்த்தோமே, யாரும் குறை சொல்லவில்லையே என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். மருந்து அடிப்பவரிடம் ரெகுலேட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “அது பாட்டுக்கு கெடக்குண்ணே, நல்லாத்தான் இருக்கு” என்பார். தொடாத பொருளில் குறை தெரியாது. கேட்பதை விடப் பழைய மிஷினின் தேய்மானத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். ரெகுலேட்டர் மூடி புதுசு போலிருக்கும். தோளில் மாட்டும் பட்டையின் கொக்கி பளபளவென்று தேய்ந்திருக்கும். டேங்கின் விளிம்பில், இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கிற இடத்தில், பிளாஸ்டிக் வழவழப்பாகியிருக்கும். எது உழைக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதை மிஷினே சொல்லிவிடும்.

இன்னொன்று, இங்கே கூலி பெரும்பாலும் டேங்க் கணக்கு. மிஷினோடு ஆள் வருவார், அடித்த டேங்குக்குத் தகுந்த சம்பளம். டேங்க் சீக்கிரம் காலியானால் அடுத்தது. அப்படிப்பட்டவர் இறக்கி வைத்து ரெகுலேட்டரைக் குறைத்துவிட்டு மறுபடி 22 கிலோவைத் தூக்கி மாட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 16 லிட்டர் தண்ணீர் 16 கிலோ, மிஷின் வெறுமையாக ஆறு கிலோ அளவு. ஒவ்வொரு இறக்கி ஏற்றலும் முதுகெலும்புக்குச் செலவு, பாக்கெட்டுக்கும் செலவு. இந்தக் கூலி முறை தெரியாமல் ரெகுலேட்டரின் இடத்தை முடிவு செய்ய முடியாது. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 9241-210 என்று ஒரு தரநிலை இருக்கிறது. 2010-ல் வந்தது, 2019-ல் திருத்தப்பட்டது. கணினி சார்ந்த பொருள்களை மனதில் வைத்து எழுதியது என்றாலும் அது சொல்லும் முதல் வேலை இங்கேயும் பொருந்தும்: யார், என்ன வேலைக்கு, எந்தக் கருவிகளோடு, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார் என்று புரிந்து எழுதிக்கொள்வது. வரைபடம் போடுவது அதற்கப்புறம்தான். காலை விடியுமுன் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறும் தோட்ட ஜீப்புகளைப் பார்த்தாலே பாதி புரியும். மிஷின் கூரையில் படுத்த நிலையில் போகிறது, அந்தத் தகடு மேல்நோக்கி, சாரலில் நனைந்துகொண்டே.

அதே தகட்டின் அடுத்த குற்றம் இன்னும் பெரியது. சார்ஜ் சாக்கெட் பீடத்தோடு சேர்ந்தது, பேட்டரி தனியாகக் கழலாது. கழற்ற வேண்டுமானால் அடிமூடியின் ஸ்க்ரூக்களை அவிழ்க்க வேண்டும். ஆக, சார்ஜ் போட மருந்து நாறும் டேங்கோடு மிஷின் வீட்டுக்குள் வருகிறது. தோட்டத்து மோட்டார் அறையில் இரவு முழுக்க விட்டுவர முடியாது, திருட்டு பயம். சார்ஜருக்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். வீடு ஒரே அறை என்றால் பிளக் பாயின்ட் இருப்பது டி.வி.க்குப் பக்கத்தில், பிள்ளைகள் படுக்கிற இடத்தில். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலும் இதே நிலைதான். எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து காசர்கோட்டு மக்களின் உடல்நலத்துக்குச் செய்ததைக் கண்ட நிலம் கேரளம். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நிறுத்தியது. அதற்குப் பிறகும் பூச்சிமருந்து டேங்கைப் படுக்கையறைக்குள் வரவைக்கும் ஒரு வடிவமைப்பு விற்பனைக்கு வருகிறதே என்று உண்மையாகவே வயிறு எரிகிறது. செல்போனுக்குச் சார்ஜ் போடுவது போல பேட்டரியை மட்டும் உருவி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும்படி செய்வதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. மருந்து அடிக்கும் மூன்று மணி நேரத்தை யோசித்தவர்கள் மீதி 21 மணி நேரம் மிஷின் எங்கே இருக்கும் என்று யோசிக்கவில்லை.

அதுவரை செய்யக்கூடியது: மாலையில் மூன்று முறை நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் லான்ஸ் வழியாகவே ஓட்டிக் காலி செய்யுங்கள். வெளிப்புறத்தையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சாக்கெட்டில் தண்ணீர் படாமல். சார்ஜ் போடுவது திண்ணையிலோ தொழுவத்திலோ இருக்கட்டும். சீசன் இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் அவசியம். ஈய அமில பேட்டரியைக் காலியாக வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் போட்டாலும் ஏறாது. முழுச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் 12.7 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. சரிவில் குனிந்தால் அதன் வழியாக மருந்து கசிந்து முதுகில் இறங்கும், அங்கிருந்து நம் தகட்டுக்கு. சமவெளியில் 16 ஊற்றலாம். மலையில் 13, 14 லிட்டரோடு நிறுத்துங்கள். டேங்க் கணக்குக் கூலி பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் குறைத்து ஊற்றமாட்டார்கள். தோளில் மாட்டும் பட்டை ஒல்லி. எல்லோரும் துண்டை மடித்து அடியில் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு மருந்தைக் குடித்து நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக்கிடக்கும். துண்டுக்குப் பதில் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டைமேல் சுற்றிவிட்டால் ஊறாது. பந்தலுக்கு மேல்நோக்கி அடிக்கும்போது லான்ஸ் வழியே சொட்டு முழங்கைக்கு வரும். அதே டியூபில் ஒரு வட்டம் வெட்டிக் கைப்பிடிக்கு மேலே மாட்டினால் அங்கேயே சொட்டிவிடும்.

டேங்கின் அளவுக் கோடுகளும் வீண். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு. போர்டோ நீலம் ஏறியபின் ஒன்றும் தெரிவதில்லை. அளவு தெரியாமல் போனால் மருந்து தப்பும். சிபாரிசு லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டருக்கு 32 மில்லி, 14-க்கு 28. ஆனால் புழக்கத்தில் இருப்பது மூடிக் கணக்கு. ஒரு மூடி, ஒன்றரை மூடி. பழைய 10 லிட்டர் டேங்கில் பழகிய மூடிக் கணக்கை இதிலும் ஊற்றினால் பூச்சி சாகாது. ஆணி முனையால் கோட்டைக் கீறி அதில் கறுப்பு பெயிண்ட் தேய்த்துத் துடையுங்கள், நிற்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கிய மருந்தோடு மலையாளத்தில் துண்டுச்சீட்டு வரும், அடிப்பவர் தமிழ் மட்டும் படிப்பவர். இருவருக்கும் பொதுவாகப் புரிவது டப்பாவின் வண்ணக் குறி மட்டும்: சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. அளவை அந்தக் குறி சொல்லாது. கடைக்காரரிடம் “லிட்டருக்கு எத்தனை மில்லி” என்று கேட்டு டப்பாமேல் எழுதி வாங்குங்கள்.

நாசில் அடைத்தால் வாய் வைத்து ஊதக்கூடாது. கம்பி விட்டால் துளை பெரிதாகும். தென்னை ஈர்க்கு போதும். ஒரு நிமிடம் அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள், புது நாசிலை விடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொட்டினால் மாற்ற வேண்டியதுதான். களைக்கொல்லிக்குத் தனி மிஷின். 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கோடு திராட்சைப் பக்கம் போகவே கூடாது, மிச்சம் மீதி பட்டாலே இலை சுருண்டுவிடும்.

நண்பருக்கு என் பதில்: எடுக்காதீர்கள். பம்பு நல்லது, கை விடுதலை நல்லது, விலையும் நல்லது, இருந்தும் வேண்டாம். கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள மிஷின் கூடுதல் விலையில் கிடைத்தாலும் அதற்குக் காத்திருங்கள். கடையில் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். அடுத்து, டேங்கில் தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். திருப்ப முடியாவிட்டால் இறக்கி வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் ரெகுலேட்டரை முன்னால் கொண்டுவரலாம். உள்ளே சர்க்யூட் போர்டும் அதிலிருந்து மூன்று மெல்லிய ஒயரோடு குமிழும் இருக்கும் வகை என்றால், அந்த மூன்று ஒயரையும் ஒரு மீட்டர் மூன்று கோர் கேபிளால் நீட்டி, குமிழைச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இடது தோளில் மாட்டும் பட்டையில், மார்பு உயரத்தில் கட்டுங்கள். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இடங்களில் காப்புக் குழாயான ஸ்லீவ் போட்டு, கேபிள் பெட்டிக்குக் கீழ்ப்பக்கமாக நுழையும்படி செய்தால் சொட்டு உள்ளே போகாது. சர்க்யூட் போர்டு இல்லாமல் மோட்டார் ஒயரே குமிழ் வழியாகப் போகும் பழைய வகையில் இதைச் செய்யாதீர்கள். முழு மின்னோட்டமும் மெல்லிய ஒயரில் ஓடிச் சூடாகும்.