ராஸ் தனூராவா, யான்புவா? சவூதி எண்ணெய்க்கு எந்த வழி மேல்?

ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் என்று செய்தி வந்தால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "சவூதிக்கு என்ன கவலை? செங்கடல் கரை யான்புவுக்குக் குழாய் போட்டு வைத்திருக்கிறார்களே!" பாதி சரி. மீதிப் பாதியைப் பார்க்க, அரசு எண்ணெய் நிறுவனமான சவூதி அராம்கோ கப்பலில் எண்ணெய் ஏற்றும் இரண்டு கரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கிழக்குக் கரை, அதாவது பாரசீக வளைகுடா ஓரம். 1939 மே 1 அன்று மன்னர் அப்துல் அஜீஸ் வால்வைத் திறந்துவைக்க, ராஸ் தனூரா துறைமுகத்திலிருந்துதான் முதல் டேங்கர் கிளம்பியது. கவார், சஃபானியா, மனீஃபா என்று பெரிய வயல்கள் எல்லாம் இந்தப் பக்கமே இருக்கின்றன. அதனால் கச்சா எண்ணெயில் லைட், மீடியம், ஹெவி என எந்த ரகத்தையும் அதிகச் செலவில்லாமல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பக்கத்து ஜுவைமாவில் கடலுக்குள்ளேயே மிதவைகளில் கட்டி, 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் ராட்சத டேங்கர்களை நிரப்புகிறார்கள். ஆலைகளும் அருகிலேயே உண்டு. ராஸ் தனூரா ஆலை நாளுக்கு 5.5 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும். டோட்டல் நிறுவனத்தோடு கூட்டாக ஜுபைலில் நடத்தும் சாடார்ப் சுமார் 4.6 லட்சம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: இங்கே ஏற்றும் ஒவ்வொரு கப்பலும் ஹோர்முஸைக் கடந்தாக வேண்டும். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கி.மீ. 2024இல் நாளுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் அந்த வழியாகப் போனது.

மேற்கில் செங்கடல் ஓரம் யான்பு. ஈரான்-ஈராக் போர் மூண்ட அடுத்த ஆண்டு, 1981இல், கிழக்கில் கச்சாவைப் பதப்படுத்தும் மையமான அப்கைக்கிலிருந்து பாலைவனத்தையும் ஹிஜாஸ் மலைகளையும் தாண்டிச் சுமார் 1,200 கி.மீ. குழாய் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் அதன் கொள்ளளவு நாளுக்கு 50 லட்சம் பீப்பாய். பிறகு 70 லட்சமாக உயர்த்தினார்கள். வழி நெடுக பம்பு நிலையங்கள் தள்ளிவிட்டால்தான் எண்ணெய் நகரும், அதனால் செலவு கூடுதல். 2019 மே மாதம் அந்த நிலையங்களில் இரண்டை ட்ரோன்கள் தாக்கின.

ஐரோப்பாவுக்கு விற்பதென்றால் யான்புவுக்கு ஈடில்லை. முழுச்சுமையோடு வரும் ராட்சத டேங்கர் சூயஸ் கால்வாயில் நுழைய முடியாது. எகிப்தின் ஐன் சுக்னாவில் எண்ணெயை இறக்கி, 320 கி.மீ. சுமெட் குழாய் வழியாக மத்தியதரைக் கடலோர சிடி கெரீருக்கு அனுப்பி, அங்கே வேறு கப்பலில் ஏற்றுகிறார்கள். சுமெட்டில் அராம்கோவுக்கு 15 சதவீதப் பங்கு உண்டு.

ஆனால் சவூதி கச்சாவின் பெரும்பகுதி போவது ஆசியாவுக்கு. யான்புவிலிருந்து இந்தியாவுக்கோ சீனாவுக்கோ வர செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மண்டெப் நீரிணையைக் கடக்க வேண்டும். 2018 ஜூலையில் அங்கே இரண்டு சவூதி டேங்கர்கள் தாக்கப்பட்டதும், சில நாட்கள் அவ்வழிப் போக்குவரத்தையே சவூதி நிறுத்திவைத்தது. 2023 நவம்பருக்குப் பிறகு யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல்களால் அந்தப் பாதை எவ்வளவு ஆபத்தானதாக ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நீரிணையைத் தவிர்த்து இன்னொன்றில் மாட்டிக்கொள்வதுதான் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. யான்புவிலேயே மூன்று ஆலைகள் இருக்கின்றன. எக்ஸான்மொபிலோடு சேர்ந்த சாம்ரெஃப், சினோபெக்கோடு சேர்ந்த யாஸ்ரெஃப் இரண்டுக்கும் நாளுக்குத் தலா 4 லட்சம் பீப்பாய் கொள்ளளவு. பழைய யான்பு ஆலை தனி. மூன்றும் முழு வேகத்தில் ஓடினால் குழாயில் வருவதில் நாளுக்கு 10 லட்சத்துக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். மீதி 60 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அண்மை ஆண்டுகளில் சவூதியின் கச்சா ஏற்றுமதி பெரும்பாலும் 60 முதல் 70 லட்சத்துக்குள் இருந்ததால், காகிதத்தில் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும்.

காகிதத்தில் வராதது கிழக்குக் கரை ஆலைகளின் நிலை. கச்சாவுக்கு மேற்கே போக வழி உண்டு. ஜுபைலிலும் ராஸ் தனூராவிலும் ஏற்றுமதிக்காகத் தயாராகும் டீசலுக்கும், பிளாஸ்டிக் போன்றவற்றுக்கு மூலப்பொருளான நாஃப்தாவுக்கும் இந்தக் குழாயில் இடமில்லை. ஹோர்முஸ் அடைபட்டால் தொட்டிகள் நிரம்பும், ஆலை வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். "யான்பு இருக்கிறதே" என்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதே இல்லை. அப்புறம், அப்கைக் இரண்டு வழிகளுக்கும் பொது. 2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக்கும் குரைஸ் எண்ணெய் வயலும் தாக்கப்பட்டபோது நாளுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. அன்று கைகொடுத்தவை கிடங்குகளும், லைட் கேட்டவர்களுக்கு ஹெவி ரக எண்ணெயைக் கொடுத்துச் சமாளித்ததும்தான். ஒகினாவா, ராட்டர்டாம், சிடி கெரீர் கிடங்குகளில் முன்கூட்டியே எண்ணெயைச் சேர்த்துவைப்பதை நான் மூன்றாவது வழியாகவே எண்ணுகிறேன்.

சரி, எது மேல்? ஜாம்நகர் போன்ற இந்திய மேற்குக் கரை ஆலைக்கு அமைதிக் காலத்தில் ராஸ் தனூராதான். கப்பல் வாடகையும் போர்க்காலக் காப்பீடும் பெரும்பாலும் வாங்குபவர் தலையில் விழுவதால், குறைந்த தூரம் நேரடி லாபம். மத்தியதரைக் கடல் ஆலைக்கு யான்புவும் சிடி கெரீரும். அராம்கோவுக்கு இரண்டும் வேண்டும். மேற்கில் அடுத்த பணத்தைப் போடுவதென்றால், கச்சாக் குழாயை இன்னும் பெரிதாக்குவதைவிட, கிழக்கு ஆலைகளின் டீசலையும் நாஃப்தாவையும் செங்கடலுக்குக் கொண்டுவரும் வழிக்கே முதலிடம் தர வேண்டும் என்பேன்.