செட்டிநாட்டு வீட்டில் பாக்கெட் கதவு: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

பள்ளத்தூரில் எங்கள் பங்குக்கு வந்த அறையில் ஆத்தாளுக்காகக் குளியலறை கட்டி, அதற்குப் பாக்கெட் கதவு போட்டது 2021 கடைசியில். தள்ளினால் சுவருக்குள்ளேயே போய் மறைந்துகொள்ளும் கதவு. அப்போது காரைக்குடியில் விசாரித்தபோது படம் காட்டியவர்கள் பலர்; வீட்டில் வைத்துப் புழங்கியவர் ஒருவரும் கிடைக்கவில்லை. இன்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளியலறைக்கு மறுபடியும் இதையே போடுவேன். படுக்கையறைக்கு யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

எங்கள் ஊர் வீடுகளில் முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிய பிறகுதான் கிணறும் குளிக்கும் இடமும். கட்டுக்குக் கட்டு நிலைப்படி வேறு. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கரோடு நடக்கும் ஆத்தாளால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. வளவை ஒட்டிய அறை பத்தடி அகலம், பதினாறடி நீளம். அதன் கோடியில் ஐந்தடியைத் தடுத்துக் குளியலறையாக்குவது என்று முடிவானது.

மூன்றடி அகலக் கீல் கதவு திறந்து மூட ஏறக்குறைய ஏழு சதுர அடித் தரையைக் கேட்கும். வெளிப்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும், உள்பக்கம் திறந்தால் வாக்கரோடு உள்ளே திரும்ப முடியாது. இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முதியவர் உள்ளே வழுக்கி விழுந்து கதவோடு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க இயலாது. சறுக்குக் கதவில் அந்தப் பயம் இல்லை. பூட்டும் அதற்கேற்றபடிதான் வாங்கினோம்: உள்ளே கொக்கிப் பூட்டு, வெளிப்பக்கம் காசை வைத்துத் திருகினால் திறந்துவிடும் வெட்டு. மற்ற வசதிகள் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே இந்தக் கதவைப் போட்டிருப்பேன்.

பழைய சுவரைக் குடைந்து கதவை நுழைக்கலாமே என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னார். அன்றோடு அவரை அனுப்பிவிட்டோம். உத்தரத்தைத் தாங்கி நிற்கும் சுவர், பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவான சுவர். அதோடு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. அதை வெட்டிவிட்டு சிமெண்டால் ஒட்டுப் போட்டால் ஒட்டும் நிற்காது, சுற்றியுள்ள பூச்சும் ஈரம் கோத்து உதிரும். செட்டிநாட்டு வீட்டில் பாக்கெட் கதவு வேண்டும் என்றால் புதிதாக எழுப்பும் தடுப்புச் சுவரில் மட்டும்தான். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிட்டு அறையைப் பழையபடி ஒப்படைக்கலாம். பங்காளிகள் சம்மதித்ததும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான்.

தடுப்புக்கு மரச்சட்டம் வேண்டாம் என்று ஆசாரியே சொல்லிவிட்டார். எங்கள் ஊர் மண்ணில் கரையான் பர்மா தேக்கைத்தான் விட்டுவைக்கும், இப்போது கிடைக்கும் ரீப்பரை விடாது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம், இருபுறமும் சிமெண்ட் ஃபைபர் பலகை. ஈரம் படும் இடம் என்பதால் ஜிப்சம் பலகையை யோசிக்கவே இல்லை. சுவர் மொத்தம் ஐந்து அங்குலம் வந்தது. நீளக் கணக்கு எளிது: கதவின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் சில அங்குலங்கள். மூன்றடிக் கதவுக்கு ஆறரை அடிச் சுவராவது வேண்டும். அதில் கதவு ஒளியும் பாதியில் தண்ணீர்க் குழாய் வரக்கூடாது, ஆழமான சுவிட்சுப் பெட்டி வரக்கூடாது, நீள ஸ்குரூ வரவே கூடாது. இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது. பின்னொரு நாள் துண்டுக் கம்பி மாட்ட வந்தவர் கேட்காமலே இரண்டு அங்குல ஸ்குரூவை ஏற்றிவிட்டுப் போனார். சாயங்காலம் கதவைத் தள்ளிய ஆத்தாள் "என்னடா, உள்ளே யாரோ பிடித்து இழுக்கிறார்கள்" என்றார். கதவின் முகத்தில் அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

கதவுப் பலகை விஷயத்தில் ஊரே யோசனை சொன்னது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குக் கதவு வாங்கி மாட்டு, வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் இரட்டைக் கதவுகள். செதுக்கு வேலை வெளியே புடைத்து நிற்கும், இரண்டு அங்குல இடுக்குக்குள் நுழையாது. கனமும் அறுபது கிலோவைத் தொடும். எல்லாப் பக்கமும் வழவழப்பான, 35 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தண்ணீர் தாங்கும் ஃப்ளஷ் கதவை எடுத்தோம். அதுவே நாற்பது கிலோ அளவுக்கு வரும். அதனால் எண்பது கிலோ தாங்கும் சேனலும் (கதவு தொங்கி ஓடும் மேல் தண்டவாளம்) அதில் உருளும் ரோலரும் வாங்கினோம். சேனல், சட்டம், பூட்டு மூன்றுக்கும் ஆன செலவு பலகையின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் பலகையில் பிடியுங்கள். பலகையைப் பத்து வருடம் கழித்துக்கூட மாற்றலாம். மட்டமான சேனலை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

சேனலைச் சுவரைத் தொடாமல் கழற்றும் வழி இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பலருக்கு பதில் தெரியாது, தெரிந்தவரிடம் வாங்குங்கள். எங்கள் கதவில் மேல் சட்டத்தை மூடியிருக்கும் மெல்லிய பட்டையை (பீடிங்) நான்கு ஸ்குரூவில் நிறுத்தியிருக்கிறோம், ஆணி அடிக்கவில்லை, பசையும் இல்லை. அதை எடுத்தால் ரோலரின் திருகாணி கைக்கு எட்டும். இரண்டாவது வருடம் கதவு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து தரையை உரசியபோது அரை மணி நேரத்தில் சரிசெய்ய முடிந்தது. மெதுவாக மூட உதவும் சாஃப்ட் குளோஸ் உறுப்பு செத்தபோது அதையும் இந்த வழியாகத்தான் மாற்றினோம்.

தரைக்கு வருகிறேன். அறையில் இருப்பது ஆத்தங்குடிக் கல், அதாவது இந்தப் பக்கத்துச் சிமெண்ட் டைல். கதவின் அடிப்பக்கம் ஆடாமல் இருக்க ஒரு வழிகாட்டித் துண்டு வேண்டும்; அதைத் தரையில் துளைபோட்டு மாட்டுவதுதான் வழக்கம். கையால் வார்த்த பழைய கல்லில் துளைபோட்டால் விரிசல் விடும் என்பதால் சுவர்ச் சட்டத்தின் வாயில் பொருத்தும் வகையைத் தேடி வாங்கினோம். குளியலறைக்குள் ஆத்தங்குடிக் கல் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், அமிலம் பட்டால் நிறம் போகும். சொரசொரப்பான சாதாரண டைல்தான் போட்டிருக்கிறோம்.

வாக்கருக்காக நிலைப்படியே வைக்கவில்லை. படி இல்லை என்றால் தண்ணீர் அறைக்குள் வரும் என்று கொத்தனார் சண்டை பிடித்தார். நியாயமான சண்டைதான். ஷவரைக் கதவிலிருந்து தூரமான மூலைக்குத் தள்ளி, தரையை அந்தப் பக்கம் சரித்து, கதவோரம் நீளமான சல்லடை வடிகால் வைத்த பிறகு ஒரு சொட்டும் வெளியே வந்ததில்லை.

கைப்பிடியில்தான் நான் இன்னும் முழுத் திருப்தி அடையவில்லை. கதவு முழுதும் சுவருக்குள் போக வேண்டும் என்றால் பலகையில் குழிந்த கைப்பிடிதான் வைக்க முடியும். மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அது எமன். முதல் வாரத்திலேயே அதை எடுத்துவிட்டு இருபுறமும் வெளியே நீட்டியிருக்கும் பிடி வைத்தோம். அதனால் கதவு கடைசி நான்கு அங்குலம் சுவருக்குள் போகாமல் வெளியே நிற்கிறது. மூன்றடி வாசல் 32 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. வாக்கருக்குப் போதும், சக்கர நாற்காலியும் பிடித்தாற்போல் போகும். புதிதாகக் கட்டுபவர்கள் இந்த நான்கு அங்குலத்தையும் சேர்த்தே வாசலின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.

ஐப்பசி அடைமழையில் கதவு உப்பி மாட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன், மாட்டவில்லை. பொருத்தும் முன்பே ஆறு பக்கமும், குறிப்பாக யாரும் பார்க்காத அடிவிளிம்பையும், பெயிண்ட் பூசி அடைத்ததுதான் காரணம். நான் எதிர்பார்க்காதது குளவி. சுவருக்குள் இருட்டும் இடுக்கும் கிடைத்தால் விடுமா? மண் கூடு கட்டிக் கதவைப் பாதியில் நிறுத்திவிட்டது. இப்போது சுவரின் வாயில் இருபுறமும் பிரஷ் பட்டை ஒட்டியிருக்கிறோம். குளவி நின்றது, பல்லி குறைந்தது, கரப்பானுக்கு வருடத்துக்கு ஒரு முறை போரிக் பவுடர்.

படுக்கையறைக்கு வேண்டாம் என்று சொன்னது காரைக்குடியில் தங்கை வீட்டைப் பார்த்த பிறகு. கதவு நல்ல கதவுதான். ஆனால் ஓடுவதற்காகச் சுற்றிலும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். கூடத்துத் தொலைக்காட்சிச் சத்தம் அந்த வழியாக அப்படியே கட்டிலுக்கு வருகிறது. ஆடிக் காற்றில் கதவு தானாகவே தடதடக்கிறது. சமையலறைக்கும் அப்படித்தான், தாளிக்கும் நெடியை இது தடுக்காது. துணி அறைக்கு, சாமான் அறைக்குத் தாராளமாகப் போடலாம்.

வளவின் எதிர்ப்பக்கம் இருக்கும் பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டு அண்ணனும் தங்கள் அறைக்கு இதே போல் வேண்டும் என்று போன மாதம் கூப்பிட்டார். அளந்து பார்த்தால் சன்னல் குறுக்கிடுகிறது, தடுப்புச் சுவருக்கு ஐந்தடிக்கு மேல் கிடைக்காது. வெளிப்பக்கம் திறக்கும் கீல் கதவே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார், அண்ணமிண்டி (அண்ணி) சன்னலை நகர்த்த முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.