வெயிலில் கறுக்கும் லென்ஸ்: மதுரைக் கத்திரிக்கு ஈடுகொடுக்குமா?

கண்ணாடிக் கடை ஏசிக் குளிரில் சின்ன யுவி (புற ஊதா) டார்ச்சை அடித்துக் காட்டுவார்கள். சில நொடிகளில் லென்ஸில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு விழும். அதை நம்பி, வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு மே மாத மதுரை வெயிலில் வராது.

பிளாஸ்டிக் லென்ஸில் பெரும்பாலும் நாப்தோபைரான் வகைச் சாயம்தான் இருக்கும். புற ஊதா ஒளி பட்டதும் அந்த மூலக்கூறின் வளையம் ஒன்று திறந்து, முறுக்கிக்கிடந்த உடம்பு தட்டையாக விரிகிறது. விரிந்த வடிவம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதால்தான் லென்ஸ் கறுக்கிறது. சூடு பட்டால் அதே மூலக்கூறு பழையபடி மூடிக்கொள்ளும். வெயில் விரிக்கிறது, சூடு மூடுகிறது. 40 டிகிரியில் சூட்டின் கைதான் ஓங்கும். இதே லென்ஸைக் கொடைக்கானல் காலைக் குளிரில் போட்டுப் பாருங்கள், கூலிங் கிளாஸ் மாதிரி இருக்கும்.

வாங்கும் முன் லென்ஸைக் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதி லென்ஸை விசிட்டிங் கார்டால் மூடி, உச்சி வெயிலில் 2 நிமிடம் வையுங்கள். கார்டை எடுத்ததும் நடுவே கோடு கிழித்ததுபோல் பளிச்சென்று தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் வேறு லென்ஸ் கேளுங்கள். பிறகு நிழலில் வைத்து, கோடு மறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். கறுக்க ஒரு நிமிடம் போதும், தெளியப் பல நிமிடம் பிடிக்கும். மீனாட்சியம்மன் கோயிலின் ஆடி வீதி வெயிலிலிருந்து சன்னதிக்குள் நுழைபவருக்குப் படி தெரியாமல் போவது இதனால்தான். வயதானவர்கள் கண்ணாடி தெளியும்வரை நின்று போவது நல்லது.

கார் ஓட்டுபவர்களுக்குச் சாதாரண வகை வீண் செலவு. முன்கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடும். ஹெல்மெட் வைசரை இறக்கினாலும் பெரும்பாலும் அதே நிலைதான். காருக்குள்ளும் கறுக்கும் வகை தனியாக உண்டு, சூட்டிலும் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் வீட்டுக்குள் லேசான சாயல் தங்கிவிடும்.

மைனஸ் பவர் அதிகமென்றால் சாயம் மேல்பூச்சாக உள்ள லென்ஸையே கேளுங்கள். உள்ளே கலந்த வகையில் தடித்த ஓரம் அதிகமாகவும் மெல்லிய நடுப்பகுதி குறைவாகவும் கறுக்கும். பூச்சு வகையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைக்கும் முன் தூசியைத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

சாயம் நாளாக நாளாகச் சோர்ந்துபோகும். இரண்டு மூன்று வருடத்தில் கறுப்பு குறைந்து, நிழலிலும் லேசாக மஞ்சள் தட்டும். அப்போது ஒரு லென்ஸ் உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் ஒரு கண் இருட்டாகவும் மறு கண் வெளுப்பாகவும் தெரியும்.