கவாத்துக்கு ஆளா, மெஷினா?

பழம் பறித்து முடிந்தால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஒரே பேச்சுதான்: கவாத்துக்கு, அதாவது வேண்டாத குச்சியைக் கழிக்க, ஆள் இல்லை. “ஸ்பெயினில் ஆலிவ் தோப்பை டிராக்டரிலேயே கவாத்து பண்ணுகிறார்களாமே, நாமும் பார்த்தால் என்ன?” என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

அங்கே நெருக்க நடவுத் தோப்புகளில் வரிசைக்கு வரிசை சுமார் 4 மீட்டர், மரத்துக்கு மரம் சுமார் ஒன்றரை மீட்டர். மரங்கள் வேலி போல நிற்கும். வட்ட ரம்பங்கள் மாட்டிய டிராக்டர் பக்கத்தையும் உச்சியையும் சீவிக்கொண்டே போகும். கூலியும் நேரமும் நன்றாக மிச்சம். ஆனால் ரம்பத்துக்குக் கண் கிடையாது. ஆலிவ் காய்ப்பது போன வருஷம் வளர்ந்த குச்சியில். அதையும் பட்ட குச்சியையும் சேர்த்தே வெட்டும். வெட்டிய இடத்தில் தளிர் அடர்ந்து உள்ளே வெளிச்சம் போகாது. அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கி உள்பக்கம் கழித்தாக வேண்டும்.

நம் சேர்வராயன் மலைச் சரிவில் டிராக்டர் நுழையவே வழியில்லை. வழி இருந்தாலும் நான் விடமாட்டேன். எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் கவாத்து செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். செடிக்குள் கையை விட்டு, குறுக்கே ஓடும் குச்சியை எடுப்பார், தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்தைக் கிள்ளுவார், அப்படியே தண்டைத் தடவுவார். பட்டை வரிவரியாகப் புடைத்திருந்தால் உள்ளே வெள்ளைத் தண்டுத் துளைப்பான், அதாவது தண்டைக் குடையும் வண்டின் புழு, இருக்கிறது என்று அர்த்தம். உடனே என்னைக் கூப்பிடுவார். அராபிகா வகைக் காப்பிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. இந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம்.

சரி, மெஷினே வேண்டாமா? பேட்டரிக் கத்தரி வேண்டும். கட்டைவிரல் பருமன் குச்சியை ஒரே அழுத்தில் வெட்டுகிறது. நாள் முழுக்கக் கைக்கத்தரியை அழுத்தி மணிக்கட்டு வீங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். முதலில் கைக்காசு போகும், சார்ஜ் தீர்ந்தால் மேலே ஏறி வர வேண்டும். விரலுக்கும் ஆபத்து உண்டு. கிளையைப் பிடிக்கும் கை கத்தரியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

காப்பிக்கு நிழல் தரும் மரங்களைக் கழிக்க நீளக் கம்பு ரம்பமே மேல், ஆள் உச்சிக்கு ஏற வேண்டாம். ஆனால் வேலை சுலபமாகிவிட்டதே என்று அதிகம் கழித்துவிடாதீர்கள். வெயில் விழுந்த செடியைத்தான் துளைப்பான் தேடி வரும். அப்புறம், சில்வர் ஓக் நிழல் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், ரம்பத்தை நீட்டும் முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.