சொந்த அலமாரியா, நூலக அட்டையா?

சின்னக் குழந்தைக்குப் படித்துக் காட்டும் படக்கதைகளை நூலகத்திலிருந்து எடுத்து வருவதா, சொந்தமாக வாங்கி வைப்பதா? இரண்டையும் செய்துபார்த்தாயிற்று. ஐந்து வயது வரை, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் சிறிய சொந்த அலமாரிக்கே என் ஓட்டு.

செலவில் நூலகம்தான் வெல்லும்; அதில் விவாதமே இல்லை. தேர்விலும் அப்படித்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று. நம் பிள்ளைக்குப் பிடிப்பது யானைக் கதையா, லாரிப் படமா என்று அறிய நூலகத்தைவிட நல்ல இடம் கிடையாது. பிடிக்காததை இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடலாம். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று குழந்தையைக் கட்டாயப்படுத்தத் தோன்றாது.

இவ்வளவும் இருந்தும் என்னை மறுபக்கம் சாய்த்தது "இன்னொரு தடவை" என்ற கெஞ்சல்தான். இந்த வயதில் குழந்தை புதுக்கதையைவிடப் பழைய கதையையே அதிகம் கேட்கிறது. பெரியவர்களுக்கு அலுத்துப்போகும் இடத்தில்தான் அதற்குக் கதை சூடுபிடிக்கிறது. முதலில் படங்களை மட்டும் பார்க்கும். பிறகு அடுத்த பக்கத்தில் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும். அப்புறம் நாம் ஒரு சொல்லை விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் தானே புத்தகத்தை எடுத்து, மனப்பாடமான வரிகளைச் சொல்லிக்கொண்டே பக்கங்களைப் புரட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பது அல்ல இது. ஆனாலும் "என்னால் படிக்க முடியும்" என்ற பெருமிதம் அப்போதுதான் பிறக்கிறது. அச்சில் இருப்பது ஒவ்வொரு முறையும் மாறாமல் அதே சொற்களாக வருகிறது என்பதும் அதற்குப் புலப்படத் தொடங்குகிறது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. இங்கிலாந்திலுள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்; இன்னொரு பிரிவினர் வெவ்வேறு கதைகளைக் கேட்டார்கள். புதுச் சொற்கள் இரு பிரிவினர் காதிலும் ஒரே அளவில்தான் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்களே அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

நூலகப் புத்தகத்தில் சிக்கல் இங்கேதான். குழந்தை கதையைத் தனதாக்கிக்கொள்ளும் நேரமும் திருப்பித் தரவேண்டிய தேதியும் ஒன்றாக வந்துவிடுகின்றன. தவணையை நீட்டிக்கலாம், ஆனால் வேறு யாராவது அதே புத்தகத்துக்குக் காத்திருந்தால் அதுவும் முடியாது. இரவல் என்பதை மூன்று வயதுக்கு எப்படி விளக்குவது? ஆசையும் நூலக நேரம் பார்த்து வருவதில்லை. தூக்கத்துக்கு முன், காய்ச்சலில் படுத்திருக்கும்போது, மழை பெய்யும் மதியத்தில் என்று எப்போது வேண்டுமானாலும் வரும். அந்தக் கணத்தில் புத்தகம் கையருகே இருக்க வேண்டும்.

கிழிசலும் ஒரு காரணம். இரவல் புத்தகத்தைக் குழந்தை இழுக்கும்போதெல்லாம் "கிழிச்சிடாதே" என்று பதறுகிறோம். அதட்டலோடு சேர்ந்தே புத்தகம் மனத்தில் பதிவது எனக்குப் பிடிக்கவில்லை. சொந்தப் புத்தகம் என்றால் ஒட்டிக்கொள்ளலாம். சாதாரண செல்லோ டேப் நாளடைவில் மஞ்சளாகிப் பிசினைக் கக்கும். புத்தகம் ஒட்டவென்றே விற்கும் நாடா நல்லது. மூன்று வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்டவையே தாக்குப்பிடிக்கும்.

நிறைய வாங்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு போதும். முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்திவையுங்கள். எழுத்து தெரியாத குழந்தை அட்டைப் படத்தைப் பார்த்துத்தானே எடுக்கும்! எதை வாங்குவது என்ற கேள்விக்கு நூலகமே விடை சொல்லும். திருப்பித் தரக் குழந்தை அழுது மறுக்கும் புத்தகத்தை வாங்கிவிடுங்கள்.

தானாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதே கணக்கு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இப்போதுதான் அந்தக் கட்டம் வந்திருக்கிறது. "இன்னொரு தடவை" குறைந்து "அடுத்தது என்ன" என்ற கேள்வி கூடிவருகிறது. அந்த வேகத்துக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால், நூலகத்துக்குப் போவது அடிக்கடி ஆகிவிட்டது. இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே அலமாரியைப் பகிரும் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை அந்த அனுபவம் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.